காமாட்சியைக் கிணற்றில் தள்ள முடியாத கோடை

கத்திரி வெயில். பகல் சாப்பாடு முடிந்து ஊரே கதவைச் சாத்திக்கொண்டு படுத்திருந்த நேரம். எங்கள் வீட்டுக் கதவை யாரோ உள்ளங்கையால் அடித்தார்கள். தட்டவில்லை, அடித்தார்கள்.

எழுந்துபோய்த் திறந்தேன். வாசலில் எங்கள் தெருக் குழாயடியே திரண்டு நின்றது. முன்னால் மீன் விற்கும் அஞ்சலை, இடுப்பில் காலிக் கூடையோடு. அவளுக்குப் பின்னால் வியர்த்து வழிந்த முகங்களோடு தெருப் பெண்கள். எல்லாருக்கும் கடைசியில், கூட்டத்தோடு ஒட்டாமல், குடை பிடித்துக்கொண்டு எதிர்வீட்டுத் திரேஸ் அம்மாள். அத்தனை பேர் காலிலும் செம்மண் புழுதி. ரெட்டியார்பாளையம் வரைக்கும் நடந்து போய்த் திரும்பியிருக்கிறார்கள் என்பது எனக்கு அப்போது தெரியாது.

"தம்பி, தனம் எங்க?" என்றாள் அஞ்சலை.

தனம் என் மனைவி. "உள்ளே இருக்கா. என்ன விஷயம்?" என்றேன்.

"உங்கிட்ட ஒண்ணுமில்ல. அவளக் கூப்புடு. அந்தப் பொண்ணு காமாட்சி வூடு எதுன்னு சரியா சொல்லச் சொல்லு. நாங்க தப்பான வூட்டுல போய் நாயம் கேட்டுட்டு வந்துட்டோம்."

காமாட்சி என்று ஒரு பெண் ரெட்டியார்பாளையத்தில் கிடையாது. நெல்லித்தோப்பிலும் கிடையாது, முதலியார்பேட்டையிலும் கிடையாது. அவள் குடியிருந்த ஒரே இடம் என் மேஜை மேல் கிடந்த காகிதக் கட்டுதான்.

அதற்குள்ளிருந்து அவள் எப்படித் தெருவுக்குப் போனாள் என்று சொல்ல வேண்டுமானால், முதலில் கோடைக்காலத்தில் ஓர் எழுத்தாளன் படும் பாட்டைச் சொல்லியாக வேண்டும். பொறுமையில்லாதவர்கள் நேரே கடைசிக்குப் போய்விடலாம். எப்படியும் அப்படித்தான் படிக்கிறீர்கள் என்று எனக்குத் தெரியும்.

பேனா காயும் மாதங்கள்

பிரெஞ்சுக் கொடி இறங்கி நம் கொடி ஏறி ஒன்றிரண்டு கோடை போயிருக்கும். சட்டப்படி ஊர் இன்னும் முழுசாகக் கைமாறவில்லை என்று படித்தவர்கள் சொல்லிக்கொண்டிருந்தார்கள். நானும் அந்த நிலையில்தான் இருந்தேன். ஆசிரியர் பயிற்சியைப் பாதியில் விட்டுவிட்டு, முழுநேர எழுத்தாளன் என்று எனக்கு நானே அறிவித்துக்கொண்டிருந்தேன். அந்த அறிவிப்பை என்னைத் தவிர வேறு யாரும் ஒப்புக்கொள்ளவில்லை.

மற்ற மாதங்களில் பிழைப்பு எப்படியோ ஓடும். சென்னை வாரப் பத்திரிகைக்கு மாதம் ஒரு கதை. பள்ளிக்கூட ஆண்டுவிழா என்றால் தலைமையாசிரியரின் உரை என்னுடையது, அதற்கு நன்றி சொல்பவரின் உரையும் என்னுடையது. நாடகக் கொட்டகை நோட்டீஸில் "கண்டு களியுங்கள்" என்று கடைசி வரி போட்டுக் கொடுப்பேன். செத்தவருக்கு இரங்கற்பாவும் உண்டு.

கல்யாண வாழ்த்துப்பா மட்டும் எனக்குக் கிடைக்காது. எங்கள் ஊரில் அதற்கென்று ஒரு புலவர் இருந்தார். ஒரே பாட்டை வைத்துக்கொண்டு, மாப்பிள்ளை பெண் பெயரை மட்டும் மாற்றி மாற்றி ஊரில் பாதிப் பேருக்குத் தாலி கட்டி வைத்தவர். என் கல்யாணத்துக்கும் அவர் பாட்டுத்தான் அச்சடித்துக் கொடுத்தார்கள். அதில் என் பெயருக்குப் பதில் முந்தின முகூர்த்தத்து மாப்பிள்ளையின் பெயர் இருந்தது. தனம் அதை இன்றுவரை பத்திரமாக வைத்திருக்கிறாள். சண்டை வரும்போது எடுத்துப் படிப்பாள்.

சித்திரை பிறந்ததும் எல்லாம் நின்றுபோகும். பள்ளிக்கூடம் மூடிவிடும். தலைமையாசிரியருக்குப் பேச ஒன்றும் இருக்காது. வெயிலில் யாரும் கொட்டகைக்குப் போக மாட்டார்கள். பத்திரிகை ஆசிரியர் குடும்பத்தோடு கொடைக்கானலுக்குப் போய்விடுவார். போகிறவர் சும்மா போகாமல் ஒரு கார்டு போட்டுவிட்டுப் போவார். அந்த வருஷம் வந்த கார்டில், நான் திரும்பி வரும்போது உங்கள் குறுந்தொடர் முழுசாக என் மேஜையில் இருந்தால் உடனே வெளியிடலாம் என்று எழுதியிருந்தார். குளிரில் இருக்கிறவனுக்கு எழுதுவது சுலபம்.

இலக்கியச் சந்திப்பு

கோடையில் எழுத்தாளனுக்கு ஊக்கம் குறையாமல் இருக்க வேண்டும் என்றால் சக எழுத்தாளர்களைச் சந்திக்க வேண்டும் என்பார்கள். எனக்கு அந்தக் குறையே இருந்ததில்லை. சென்னைப் பக்கம் மதுவிலக்கு. எங்கள் ஊரில் இல்லை. அதனால் தமிழ் இலக்கியத்தின் மேல் அக்கறை கொண்டவர்கள் கோடை விடுமுறையில் விழுப்புரத்தில் ரயில் மாறி என் வீட்டுக்கு வந்துகொண்டே இருந்தார்கள்.

காலையில் வந்து இறங்கியதும் கடற்கரையைப் பார்க்க வேண்டும் என்பார்கள். கடற்கரைக்குப் போகும் வழியில் இருந்த கடையில் உட்கார்ந்துவிடுவார்கள். கடலை அவர்களில் யாராவது பார்த்ததாக எனக்கு நினைவில்லை.

அந்தக் கோடையில் வந்த ஒரு சிறுகதை ஆசிரியர், கையில் கண்ணாடித் தம்ளரோடு எனக்கு நீண்ட உபதேசம் செய்தார். "எழுத்து என்பது தவம் ஐயா. சாப்பாடு கூட வேண்டாம், எழுத்து வேண்டும். மனசுக்குள் ஒரு நெருப்பு எரிந்துகொண்டே இருக்க வேண்டும்."

"வெளியே எரியறதே போதாதா?" என்று தனம் உள்ளேயிருந்து கேட்டாள்.

அவர் அன்று சாயங்கால ரயிலில் திரும்பினார். எல்லைச் சாவடியில் அவருடைய துணிப்பையைச் சோதித்துப் பார்த்தார்கள் என்றும், துணியைத் தவிர மற்றதெல்லாம் அதில் இருந்தது என்றும் பிறகு கேள்விப்பட்டேன்.

மச்சான் கொண்டுவந்த வேலை

தனத்தின் அண்ணன் நடேசன் பஞ்சாலை ஒன்றில் மேஸ்திரி. நல்ல மனுஷர். என்னை எங்கே பார்த்தாலும் உடம்புக்குச் சரியில்லாதவனைப் பார்ப்பதுபோல் பார்ப்பார். அந்தச் சித்திரையில் வீட்டுக்கு வந்து, வெற்றிலையை மடித்துக்கொண்டே விஷயத்தைச் சொன்னார்.

"மாப்ள, ஸ்டோர்ல ஒரு ஆளு வேணுமாம். எந்தப் பஞ்சுப் பேல் வந்துச்சு, எந்தப் பேல் போச்சுன்னு எழுதணும், அவ்வளவுதான். உங்களுக்கும் எழுத்து வேலதான புடிக்கும்?"

நான் வாயைத் திறப்பதற்குள் தனம் முந்திக்கொண்டாள். "அண்ணா, கத்திரி முடியட்டும். சொல்றேன்."

அவர் போனபிறகு என் எதிரில் வந்து உட்கார்ந்தாள். "இந்தாங்க, தெளிவா பேசிக்கலாம். கத்திரி முடியறதுக்குள்ள அந்தத் தொடர முடிச்சு அனுப்பிட்டீங்கன்னா, அண்ணன் கிட்ட நானே வேணாம்னு சொல்லிடறேன். இல்லன்னா மில்லுக்குப் போங்க. எனக்கு ரெண்டும் ஒண்ணுதான். நடுவுல தொங்கறத மட்டும் பாக்க முடியல."

அவள் சொன்னது நியாயம். அதனாலேயே எனக்குக் கோபம் வந்தது. ஒருமுறை ஸ்டோரில் போய் உட்கார்ந்துவிட்டால் நான் மறுபடி கதை எழுத மாட்டேன் என்பது எனக்கு நிச்சயமாகத் தெரியும். எனக்குள் இருந்த சோம்பேறிக்கு அப்படி ஒரு சாக்குதான் தேவையாக இருந்தது. அவன் கையில் அதைக் கொடுக்க எனக்குப் பயமாக இருந்தது.

எழுதப் போகிறேன்

அடுத்த நாள் முதல் தீவிரமாக இறங்கினேன். ஈரத் துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். துண்டிலிருந்து சொட்டிய தண்ணீர் முதல் பாராவை அழித்தது. வாளித் தண்ணீரில் காலை விட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். சுகமாக இருந்தது. சுகமாக இருந்ததால் தூங்கிவிட்டேன்.

பிறகு, உத்தியோகஸ்தர்கள் ஒழுங்காக வேலை செய்வதற்குக் காரணம் உடுப்புதான் என்று கண்டுபிடித்தேன். சலவைச் சட்டை போட்டு, வேட்டிக்குப் பதில் கால்சட்டை மாட்டி, ஷூ போட்டுக்கொண்டேன்.

"எங்க கெளம்பிட்டீங்க?" என்றாள் தனம்.

"எழுத."

அன்று எனக்கு மட்டும் சாப்பாட்டைத் தூக்குச் சட்டியில் போட்டு மேஜை மேல் வைத்துவிட்டுப் போனாள். நான் ஷூ போட்டு எழுதும் சேதி மறுநாளே குழாயடிக்குப் போய்விட்டது.

எங்கள் ஊரில் பகல் தூக்கம் என்பது பிரெஞ்சுக்காரன் விட்டுப்போன சட்டங்களில் ஒன்று. கடை, ஆபீஸ், ரொட்டிக் கிடங்கு எல்லாம் மூடிவிடும். நடுப்பகலில் தெருவில் யாராவது நடந்தால் ஒன்று அவர் வெளியூர்க்காரர், இல்லையென்றால் வைத்தியர். அந்த நேரத்தில் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டுவது மரியாதைக் குறைவு. எழுத இதைவிட நல்ல நேரம் கிடையாது என்று எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன். சாயங்காலம் முகம் கழுவும்போது கன்னத்தில் மசி இறங்கியிருக்கும். காகிதத்தில் இருந்ததைவிட அங்கேதான் அதிக வரிகள் இருந்தன.

தட்டுத் தடுமாறி முதல் அத்தியாயம் முடிந்தது. கதை இதுதான். காமாட்சி என்று ஒரு பெண். கட்டிய புருஷன் பிரெஞ்சுக்காரன் ஆண்ட சைகோனுக்குக் கப்பல் ஏறிப் போனவன், ஒரு தகவலும் இல்லை. ரெட்டியார்பாளையத்தில் மாமியார் வீட்டில் கிடந்து அவதிப்படுகிறாள். கடைசி அத்தியாயத்தில் கிணற்றில் விழுந்து செத்துப்போகிறாள். அந்தக் காலத்தில் நாங்கள் எல்லாரும் கதாநாயகிகளைக் கிணற்றில் தள்ளிக்கொண்டிருந்தோம். கடைசிப் பாராவை மனசுக்குள் முன்கூட்டியே எழுதி, அதை நினைத்து நானே இரண்டொரு முறை அழுதும் பார்த்துவிட்டேன். நடுவில் இருக்க வேண்டியதுதான் இல்லை.

குழாயடி

முதல் அத்தியாயத்தைத் தனத்திடம் படிக்கக் கொடுத்தேன். அவள் கான்வென்டில் படித்தவள். படித்தாள், மடித்து வைத்தாள், குடத்தை எடுத்துக்கொண்டு தெருக் குழாய்க்குப் போனாள். திரும்பி வந்தவள் என்னைப் பார்த்துக் கேட்டாள்.

"அப்புறம் என்ன ஆச்சு?"

"நீயா கேக்கற?"

"குழாயடியில கேக்கறாங்க. நாளைக்குச் சொல்றேன்னு வந்துட்டேன்."

எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. பத்திரிகையில் வருவதற்கு முன்பே வாசகர்கள். அந்தப் பெண்கள் இலக்கியத்தை இவ்வளவு மதிக்கிறார்களே என்று பூரித்துப்போய் அன்றே இரண்டாவது அத்தியாயத்தில் பாதி எழுதினேன். ஈரத் துண்டு, வாளி, ஷூ எதுவும் தேவைப்படவில்லை. மறுநாள் காலை தண்ணீர் வருவதற்குள் சரக்கு தயாராக இருக்க வேண்டும் என்ற ஒரே பயம்தான் என்னை நிமிர்த்தி உட்கார வைத்தது.

அதற்குப் பிறகு தினமும் இப்படியே நடந்தது. குழாயடியிலிருந்து உத்தரவுகளும் வர ஆரம்பித்தன. காமாட்சி நாலு வேளை பட்டினி கிடந்தாள் என்று எழுதியிருந்தேன். அஞ்சலை ஒத்துக்கொள்ளவில்லையாம். அடுப்படியில் இருக்கிறவள் ஏன் பட்டினி கிடக்கிறாள், கை இல்லையா என்றாளாம். நான் காமாட்சிக்குச் சோறு போட்டேன். அவள் நிலவைப் பார்த்துப் பேசும் ஒரு பக்கத்தை, அது வந்தபோது எல்லாரும் குடத்தைக் கழுவ ஆரம்பித்துவிட்டார்கள் என்று தனம் சொன்னதால், கிழித்துப் போட்டேன்.

ஒருநாள் எனக்கு ஒன்றும் ஓடவில்லை. தனம் வெறுங்கையோடு போய்விட்டுத் திரும்பினாள். "காமாட்சியோட அண்ணன் கூட்டிக்கிட்டுப் போக வந்தான், மாமியார் வாசல்லயே நிக்க வச்சுத் திருப்பி அனுப்பிட்டா. இன்னிக்கு இதுதான் நடந்துச்சு. எழுதிக்கோங்க" என்றாள். எழுதிக்கொண்டேன். தொடரிலேயே நல்ல அத்தியாயம் அதுதான் என்று பிற்பாடு பலர் பாராட்டினார்கள். தன்னடக்கத்தோடு ஏற்றுக்கொண்டேன்.

குழாயடிக்கு வருகிறவர்களில் பேசாமல் கேட்பவர் திரேஸ் அம்மாள் ஒருவர்தான். பாவாடை கட்டும் வயசிலிருந்து பிரெஞ்சுப் பள்ளிக்கூடத்தில் படித்தவர். தமிழ் பேசுவார், படிக்க வராது. அவருடைய புருஷன் பிரெஞ்சுப் பட்டாளத்தில் சேர்ந்து சைகோனுக்குப் போனவர். சண்டை முடிந்து கூடப் போனவர்கள் எல்லாம் திரும்பியும் அவர் வரவில்லை. செத்துவிட்டார் என்ற சேதியும் இல்லை. அங்கே இன்னொரு குடும்பம் இருக்கிறது என்று ஊர் பேசிக்கொண்டது, திரேஸ் அம்மாள் இல்லாதபோது.

தபால்காரரின் சைக்கிள் மணி கேட்டால், தண்ணீர் பிடிக்கும் முறை வந்திருந்தாலும் விட்டுவிட்டு வீட்டு வாசலுக்கு ஓடுவார். தபால்காரர் தாண்டிப் போனபிறகு திரும்பி வந்து வரிசையில் கடைசியாக நிற்பார். முன்னால் வரச் சொன்னால், "பர்தோன், மன்னிக்கணும், முறைன்னா முறைதான்" என்பார்.

அவரை மனசில் வைத்து நான் சைகோனை எழுதவில்லை. எங்கள் ஊரில் யார் காணாமல்போனாலும் அங்கேதான் போவார்கள் என்பதால் எழுதினேன். ஆனாலும் அவர் ஒரு நாள் கூடக் குழாயடிக்கு வராமல் இருக்கவில்லை என்று தனம் சொன்னபோது எனக்கு என்னவோ போல் இருந்தது.

கத்திரி முடியச் சில நாட்களே இருந்தன. காமாட்சியைக் கிணற்றடிவரை கொண்டுவந்து நிறுத்திவிட்டேன். மிச்சம் இருந்தது கடைசி அத்தியாயம் ஒன்றுதான்.

பச்சைக் கதவு

இப்போது வாசலில் நிற்கிற பெண்களிடம் வரலாம்.

நடந்தது இதுதான். விடிகாலையில் காமாட்சி கிணற்றடியில் போய் நின்றாள் என்று தனம் முந்தின நாள் சொல்லியிருக்கிறாள். அஞ்சலைக்கு மனசு கேட்கவில்லை. பிறந்த வீட்டு ஆட்கள் வந்தும் நடக்கவில்லை என்றால் தெருப் பெண்கள் நாலு பேர் சேர்ந்து போய் நாயம் கேட்பது எங்கள் பக்கத்து வழக்கம். வீடு எது என்று அவள் முன்பே கேட்டு வைத்திருக்கிறாள். தனமும் வாய்க்கு வந்தபடி, ரெட்டியார்பாளையத்தில் பச்சைக் கதவு, வாசலில் முருங்கை மரம் என்று சொல்லியிருக்கிறாள். அன்று மீனை விற்றுத் தீர்த்த கையோடு அஞ்சலை எல்லாரையும் திரட்டிக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

வம்பு என்னவென்றால், ரெட்டியார்பாளையத்தில் அப்படியே ஒரு வீடு இருந்தது. பச்சைக் கதவு, வாசலில் முருங்கை, உள்ளே ஒரு மாமியார்.

"இன்னாம்மா, மருமவள மனுஷியா நடத்தத் தெரியாதான்னு கேட்டேன்," என்றாள் அஞ்சலை. "ஊருக்குள்ள ஆளு இல்லன்னு நெனச்சுக்கினியான்னு கேட்டேன். அது ஒரு வார்த்த எதுத்துப் பேசல. ஓன்னு அழுதுது. இனிமே அப்பிடி நடக்க மாட்டேன்னு எங்க எல்லார் முன்னாலயும் சொல்லிடுச்சு."

"அப்புறம்?"

"மருமவப் பொண்ணு உள்ளேந்து மோர் கொணாந்து குடுத்துச்சு. ஒடம்பு எப்பிடிம்மா இருக்குது காமாட்சின்னு கேட்டா, எம் பேரு சரோஜாங்கன்னுது. புருஷன் கடலூர்ல வேல செய்றானாம், வாராவாரம் வரானாம். எங்களுக்கு மானம் போச்சு. வெளிய வரும்போது அந்தப் பொண்ணு கதவாண்ட வந்து, அடுத்த மாசம் ஒரு தபா வந்துட்டுப் போங்கக்கான்னு காதுல சொல்லுது."

தனம் எனக்குப் பின்னால் வந்து நின்றாள். அத்தனை பேரும் அவளைப் பார்த்தார்கள். அவள் முகவாயால் என்னைக் காட்டினாள். "விலாசம் அவருக்குத்தான் தெரியும்."

"நீ கதைன்னு சொல்லலையா அவங்ககிட்ட?" என்று அவளிடம் பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டேன்.

"கதைன்னா யார் கேப்பாங்க?" என்றாள், கொஞ்சமும் அசராமல்.

என் வாசகர்கள் அந்த நொடியில் ஒட்டுமொத்தமாக ஒழிந்தார்கள். அவர்கள் கேட்டது இலக்கியம் இல்லை, ஊர் வம்பு. வேறு வழியில்லாமல் உண்மையைச் சொன்னேன். காமாட்சி என்று யாரும் இல்லை, அது நான் எழுதுகிற கதை, பத்திரிகையில் வரப் போகிறது.

சிரித்துவிட்டுப் போய்விடுவார்கள் என்று நினைத்தேன். அஞ்சலை கூடையைக் கீழே வைத்தாள்.

"அப்ப அவளக் கெணத்தாண்ட கொண்டாந்து நிறுத்துனது நீதானா?"

"கதையோட போக்கு அப்படி..."

"நாளைக்கு இன்னா பண்ணப் போற அவள?"

"விழுந்துடுவா. அது சோகக் கதை."

"அவளா விழுவாளா, நீ தள்ளுவியா?"

"அவளாத்தான் விழறா."

"அவ நடக்கறது, பேசறது, சோறு துன்றது எல்லாம் நீதான எழுதற? அப்ப நீதான் தள்ற." மற்றவர்கள் தலையாட்டினார்கள். "இத்தினி நாள் அந்த மாமியாக்காரியத் திட்டிக்கினு இருந்தோம் பாரு. ஆளு இங்க ஷூ போட்டுக்கினு குந்திக்கினு இருந்திருக்குது."

யதார்த்தம், கலை, வாழ்வின் அவலம் என்று சென்னை நண்பர்கள் சொல்லும் வார்த்தைகள் எல்லாம் வரிசையாக நினைவுக்கு வந்தன. அவற்றில் எதையும் அந்த வாசலில் சொல்ல வாய் வரவில்லை.

அப்போதுதான் திரேஸ் அம்மாள் குடையை மடக்கிக்கொண்டு முன்னால் வந்தார். அவர் பேசி நான் அதிகம் கேட்டதில்லை. ஐயா என்பதையும் பிரெஞ்சில்தான் சொல்லிக் கூப்பிட்டார்.

"முசியே, அவ புருஷன் திரும்பி வரணும்னு நான் கேக்கல. வரமாட்டான், எனக்குத் தெரியும். ஆனா அவள அங்கேயே நிக்க வெக்காதீங்க. நிக்கறது ரொம்பக் கஷ்டம்."

சொல்லிவிட்டு, "மெர்சி" என்று எனக்கு நன்றியும் சொல்லிவிட்டு, குடையை விரித்துக்கொண்டு வெயிலில் இறங்கிப் போனார். மற்றவர்களும் ஒவ்வொருவராகக் கலைந்தார்கள். என்னைப் பார்க்கவே எனக்கு வெட்கமாக இருந்தது. அழுது பார்த்து ரசித்த அந்தக் கடைசிப் பாரா, ஒரு ஆளைத் தீர்த்துவிட்டுக் கைகழுவும் வேலைதான் என்று அன்றைக்குத்தான் உறைத்தது.

கடைசி அத்தியாயம்

அடுத்தடுத்த நாட்களின் பகல் தூக்க நேரத்தில் தூங்காமல் எழுதி முடித்தேன். காமாட்சி கிணற்றில் ஒரு வாளி தண்ணீர் இறைத்தாள். முகம் கழுவினாள். பச்சைக் கதவைத் திறந்துகொண்டு வெளியே போனாள். டவுனில் ஒரு தையற்கடையில் வேலைக்குச் சேர்ந்தாள். புருஷன் வரவில்லை. ஒருநாள் தபால்காரர் கடையைத் தாண்டிப் போனதை அவள் கவனிக்கவே இல்லை. அவ்வளவுதான் கதை.

கத்திரி முடிவதற்குள் கட்டு தபாலில் போய்விட்டது. சொன்ன சொல்லைக் காப்பாற்றித் தனம் அண்ணனிடம் பேசினாள். அவர் பெருமூச்சு விட்டு, "எடம் இன்னும் கொஞ்ச நாளைக்கு அப்படியேதான் இருக்கும்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஆடிக் காற்று அடங்கும் சமயத்தில் தொடரின் கடைசிப் பகுதி அச்சாகி வந்தது. பிரித்துப் பார்த்தேன். காமாட்சி கிணற்றில் விழுந்துவிட்டாள்.

பத்திரிகை ஆசிரியர் மிகவும் அனுபவசாலி. முடிவு சப்பென்று இருக்கிறது, வாசகர்கள் அழ விரும்புகிறார்கள், ஆகவே சிறு மாற்றம் செய்திருக்கிறேன் என்று கார்டு போட்டிருந்தார். அவர் எழுதிய கிணறு என் கிணற்றைவிட ஆழமாக இருந்தது. நிலவு கூட இருந்தது.

எனக்கு வந்த ஆத்திரத்தில் பேனாவை எடுத்து மேஜை டிராயருக்குள் போட்டு மூடினேன். ஒரு பெண்ணைக் காப்பாற்றக் கூட முடியாதவன் எதற்காக எழுத வேண்டும் என்று தோன்றியது. விளையாட்டுக்குச் சொல்லவில்லை, உண்மையாகவே மனசு விட்டுப்போயிற்று. "உங்க அண்ணன் கிட்டச் சொல்லு. திங்கட்கிழமை மில்லுக்கு வரேன்" என்றேன் தனத்திடம்.

அவள் பத்திரிகையை வாங்கிப் படித்தாள். அதை இடுக்கிக்கொண்டு, குடத்தை எடுத்துக்கொண்டு குழாயடிக்குப் போனாள். எல்லாருக்கும் படித்துக் காட்டிவிடப் போகிறாளே என்று பதறிப்போய் ஜன்னலுக்கு ஓடினேன்.

குழாய்க்கு அருகில் நின்று பத்திரிகையைப் பிரித்து வைத்துக்கொண்டு, தனம் உரக்கப் படித்துக்கொண்டிருந்தாள். "காமாட்சி ஒரு வாளி தண்ணீர் இறைத்தாள். முகம் கழுவிக்கொண்டாள்." பக்கத்தைப் புரட்டினாள். தையற்கடை வந்தது. அச்சில் இல்லாத ஒவ்வொரு வரியையும், அச்சில் விரல் வைத்து, நிதானமாகப் படித்தாள். அத்தனையும் அவளுக்கு மனப்பாடமாக இருந்தது. தையற்கடையில் ஒரு சிங்கர் மிஷினை அவளாகவே வாங்கியும் போட்டாள்.

அடுத்த தெருவில் யாரோ வேறு மாதிரி படித்ததாக ஒருத்தி சொன்னதற்கு, "அது அவங்க பிரதியில அச்சுப் பிழை" என்று அடக்கிவிட்டாள்.

அப்போது தபால்காரரின் சைக்கிள் மணி கேட்டது. குழாயில் திரேஸ் அம்மாளின் முறை. அவர் திரும்பித் தெருமுனையைப் பார்த்தார். பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். பிறகு குடத்தைக் குழாய்க்குக் கீழே நகர்த்தி வைத்துத் தண்ணீர் பிடித்தார்.

அஞ்சலை கூடையை அலசிக் கவிழ்த்துவிட்டு எங்கள் ஜன்னலைப் பார்த்தாள். நான் அங்கே ஒளிந்திருப்பது அவளுக்கு எப்படியோ தெரிந்திருந்தது.

"சரி தம்பி, அந்தப் பொண்ணு பொழச்சுக்கிச்சு. அந்த மாமியாக்காரி கெதி இன்னா ஆச்சு? அவள அப்பிடியே வுட்டுட்டியே."

நான் டிராயரைத் திறந்து பேனாவை எடுத்தேன். மறுநாள் காலை தண்ணீர் வருவதற்குள் மாமியாருக்கு ஏதாவது செய்தாக வேண்டியிருந்தது.